முறையில் சேராத செடி

சலாலாவில் பதினெட்டு வருஷம் கிரேன் ஓட்டிவிட்டு
கூத்தாநல்லூர் வந்து இறங்கிய குலாம் தஸ்தகீர்
எனக்கென்று எடுத்து வந்தது சென்ட் பாட்டில் இல்லை.
காலுறைக்குள் திணித்த ஒரு கிழங்கு,
ஒட்டிய மண்கூட இல்லாமல்.
'பாறை இடுக்குல பொறக்கிற செடி, லஸ்கரே.
வருஷத்துக்கு ஒரு சாரல். அவ்வளவுதான் அதுக்கு.
பூக்கும் பாரு.'

கோரையாற்றில் ஐந்து ஷட்டர்களுக்கு நான் காவல்.
திருகுச் சக்கரம், கிரீஸ் டப்பா,
அளவுக்கல்லில் அடி, அங்குலம்,
முறைப் பதிவேடு.
யாருக்கு எத்தனை நாள் என்பதைத் தவிர
என் கைக்கு வேறொன்றும் தெரியாது.
தாகம் என்று வந்தால்
திறப்பேன், இல்லை திறக்க மாட்டேன்.
மூன்றாவதாக ஒன்று உண்டென்று
எந்தச் சுற்றறிக்கையிலும் வந்ததில்லை.

ஆகவே ஊற்றினேன்.
பெயிண்ட் டப்பாவில் நல்ல வண்டலாய்ப் பார்த்து நிரப்பி
காலையில் ஒரு செம்பு, மாலையில் ஒரு செம்பு.
இலை விட்டது, மினுமினுத்தது.
ஐப்பசி அடைமழையில் எடுத்து உள்ளே வைக்கவும் தோன்றவில்லை.
மழையை யாராவது வேண்டாம் என்பார்களா?
ஒருநாள் தொட்டுப் பார்த்தேன்.
பானை வயிற்றுக்குள் விரல் இறங்கியது.
அந்த நாற்றம் எனக்குத் தெரியும்.
பத்து நாள் மூழ்கிக் கிடந்த சம்பா நாற்று.

தஸ்தகீருக்குப் போன் போட்டேன்.
'தண்ணி காட்டுனியா?'
'காட்டினேன்.'
'எவ்வளவு?'
பதிவேட்டில் எழுதியிருந்தால் சொல்லியிருப்பேன்.
'அறு. வெள்ளை தெரியிற வரைக்கும் அறு.
பால் கண்ணுல படாம.'

பாதிக்குமேல் போயிற்று.
மஞ்சளும் சாம்பலும் அப்பி
ஷட்டர் மேடைத் தகரக் கூரைக்குள்
தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டேன்.
கீழே எட்டடி வெள்ளம்,
மேலே அது காய்ந்துகொண்டிருந்தது.
இருபத்தொரு வருஷ சர்வீஸில்
வெள்ளத்துக்கு நேர் மேலே ஒன்று
காய்ந்து பிழைப்பதை அப்போதுதான் பார்க்கிறேன்.

தையில் மணலும் செங்கல் சல்லியும் போட்டு நட்டேன்.
மேட்டூரை மூடினார்கள்.
பங்குனியில் ஆறு ஸ்டம்ப் நடுகிற இடமாகிவிட்டது.
ஷட்டர் நிழலில் ஆடுகள் படுத்தன.
ஒன்று எழுந்து வந்து செடியை முகர்ந்தது,
ஏதோ தெரிந்தது போல விலகிப் போனது.

சித்திரையில் ஒரு மத்தியானம்
ஜாம்புவானோடையிலிருந்து தையல்நாயகி வந்தாள்.
கடைமடை. என்னைத் திட்டுவதற்கென்றே
வருஷா வருஷம் இரண்டு பஸ் மாறி வருகிறவள்.
போன சம்பாவில் கடைசி முறைத் தண்ணீர்
பதிவேட்டில் அவள் வயலை எட்டியிருக்கிறது.
வயலில் எட்டவில்லை.

வாயைத் திறந்தவள் நின்றாள்.
இலையே இல்லாத கொம்பில் ஏழு பூ.
ஓரம் சிவந்து, நடு வெளுத்து,
வாசனை துளிகூட இல்லாமல்.
'இதுக்கு எத்தனை நாள் முறை?'
'முறையே கிடையாது.'
'குடுத்து வச்சது' என்றாள்.

பார்த்தாயா, எப்படித் தாங்குகிறது என்று
சொல்ல இருந்தேன்.
நல்லவேளை, எச்சில் விழுங்கிக்கொண்டேன்.
நெல் பாறையில் பிறந்ததில்லை.
அவளும்தான்.

'உப்பு மண்ணுல வருமா?'
'தெரியாது.'
'ஒரு கொம்பு குடு.'

ஒடித்தேன். பால் வடிந்தது.
சுற்றிக் கொடுக்கக் காகிதம் தேடினேன்.
மேஜையில் இருந்தது ஒன்றே ஒன்று.
போன சம்பாவின் கடைசிப் பக்கத்தை
கிழித்தபோது சத்தம் கொஞ்சம் பெரிதாகவே கேட்டது.

புளியமரத்து நிறுத்தத்தில்
பஸ் வருகிறவரைக்கும்
கொம்பை மடியில் கிடத்திவிட்டு
காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.